தேர்வு முடிவுக்கும் முதல் வகுப்புக்கும் இடையே

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் சில ஆண்டுகளாக மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்களுக்குள் வெளியாகிவிடுகின்றன. கலை அறிவியல் கல்லூரிகளில் முதலாமாண்டு வகுப்புகள் ஜூன் இறுதியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ ஆரம்பிக்கின்றன. பொறியியல் கல்லூரிகளில் அது ஆகஸ்ட், செப்டம்பர் வரை தள்ளிப்போகிறது. இந்த இடைவெளியில் ஒரு மாணவர் பள்ளியின் பொறுப்பிலும் இல்லை, கல்லூரியின் பொறுப்பிலும் இல்லை. வருகைப் பதிவேட்டில் அவர் பெயரை வாசிப்பவர் யாருமில்லை. நன்றாகத் தேர்ச்சி பெற்று, கல்லூரிக்குப் போகும் விருப்பமும் இருந்து, கட்டணச் சலுகைக்கான தகுதியும் இருந்து, ஆனாலும் எங்கும் சேராமல் போகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்தச் சில வாரங்களில்தான் நழுவுகிறார்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணித முதுகலை ஆசிரியராகப் பணியாற்றியபோதும், ஓய்வுக்குப் பிறகு உயர்கல்வி வழிகாட்டி முகாம்களில் தன்னார்வலராக உட்கார்ந்திருக்கும்போதும் நான் திரும்பத் திரும்பக் கண்டது இதைத்தான்.

தமிழ்நாடு உயர்கல்விச் சேர்க்கையில் இந்தியாவின் முன்னணி மாநிலங்களில் ஒன்று என்பதில் ஐயமில்லை. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு, 18 முதல் 23 வயது வரையிலானோரைக் கணக்கில் கொண்டு, நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதத்தை 28.4 என்றும் தமிழ்நாட்டின் விகிதத்தை 47 என்றும் காட்டுகிறது. மேடைகளில் இந்த 47 அடிக்கடி ஒலிக்கிறது. நூற்றில் மிச்சமுள்ள ஐம்பத்து மூன்றைப் பற்றி மேடையில் பேசுவோர் குறைவு. அந்த மிச்சத்தில் மதிப்பெண் இல்லாதவர்கள் மட்டும் இருந்தால் கவலை வேறு வகையானது. ஆனால் 600-க்கு 450 வாங்கிய மாணவியும் அதில் இருக்கிறாள் என்பதுதான் வழிகாட்டித் திட்டங்கள் எதற்கு என்ற கேள்விக்கான விடை.

கடந்த இருபது ஆண்டுகளில் இங்கே பல தடைகள் சட்டத்தாலும் அரசாணையாலும் அகற்றப்பட்டிருக்கின்றன. தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வை நீக்கும் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறவர்களுக்கு, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியே தொழிற்கல்வியில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை 2010-11 முதல் கிடைக்கிறது. நீதிபதி கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. நீதிபதி முருகேசன் ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது 2021-இல் விரிந்தது. இவ்வொதுக்கீட்டில் தொழிற்கல்வியில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. பழைய திருமண உதவித் திட்டத்தை மாற்றியமைத்து 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியின் வங்கிக் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாயை நேரடியாக அனுப்புகிறது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது.

இவை ஒவ்வொன்றும் பெரிய காரியம். ஆனால் ஒவ்வொரு சலுகையும் ஏழைக் குடும்பத்தின் வாசலுக்கு ஒரு சான்றிதழின் வடிவத்திலேயே வருகிறது என்பதைத் திட்டம் தீட்டுகிறவர்கள் அவ்வளவாக எண்ணிப்பார்ப்பதில்லை. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று எனப் பட்டியல் நீள்கிறது. ஒன்றில் தந்தையின் முன்னெழுத்து மாறியிருக்கும். மற்றொன்றில் பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகாது. முதல் பட்டதாரிச் சான்றுக்கு, வீட்டில் வேறு யாரும் பட்டம் பெறவில்லை என்பதை உறுதிசெய்தாக வேண்டும். அண்ணன் எங்கோ தொலைநிலைக் கல்வியில் பெயரைப் பதிந்து பாதியில் விட்டிருந்தால்கூட அதை விளக்கி எழுதித் தரவேண்டிய நிலை வரும். பழங்குடியினர் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தரவேண்டும். கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து அதற்காகக் கீழே இறங்கி வரும் தந்தைக்கு அன்றைய கூலி போகிறது, பேருந்துச் செலவு ஆகிறது, விசாரணை முடியவில்லை என்றால் மறுபடி வரவேண்டியிருக்கிறது. மூன்றாவது முறை அழைக்கும்போது அவர் வரத் தயங்கினால் அது அக்கறையின்மை ஆகாது.

இதனால்தான் எங்கள் வழிகாட்டிக் குழுவில் சான்றிதழ் வேலையை மே மாதத்துக்கு விடுவதில்லை என்று முடிவுசெய்து, பதினொன்றாம் வகுப்பின் இரண்டாம் பருவத்திலேயே ஒரு கோப்பு தொடங்குகிறோம். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு உறை, அதன் மேல் எது இருக்கிறது, எது இல்லை என்ற குறிப்பு, அவ்வளவுதான். கேட்பதற்கு எழுத்தர் வேலையாகத் தோன்றும் இதைவிடப் பயனுள்ள வழிகாட்டுதலை நான் பார்த்ததில்லை. ஊக்கப் பேச்சுக்கு வரும் விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் பள்ளிகள், இந்த உறைகளை ஒழுங்குபடுத்தும் இளநிலை உதவியாளருக்கு நன்றி சொன்னதாக நினைவில்லை.

சான்றிதழ் கைக்கு வந்தபின் இணையவழி விண்ணப்பம். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையத்துக்கு மாறியது. அதற்கு முன் தந்தையும் மகளும் ரயிலேறிச் சென்னைக்குப் போய் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் காத்திருந்து, திரையில் ஓடும் கல்லூரிப் பெயர்களைப் பார்த்து ஓரிரு நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் ஒழிந்தது நல்லதே. ஆனால் இப்போது சிக்கல் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கைப்பேசி எண் வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசி பெங்களூருவில் கட்டட வேலை செய்யும் தந்தையிடம் இருக்கும். ஓடிபி அங்கே போகும். அவர் சாரத்தின் மேல் நிற்கும்போது அழைப்பை எடுக்க மாட்டார். இறங்கி வந்து எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் அது காலாவதியாகிவிடும். மின்னஞ்சல் முகவரி இல்லாத பிள்ளைக்குக் கணினி மையத்துக்காரர் தன் முகவரியையே கொடுத்துவிடுவார். அதே முகவரியை இருபது பேருக்குக் கொடுத்திருப்பார். கடவுச்சொல் ஒரு துண்டுத் தாளில் இருக்கும், அந்தத் தாள் பிறகு கிடைக்காது. தற்காலிக ஒதுக்கீடு வந்திருப்பது தெரியாமலே உறுதிசெய்யும் கெடு முடிந்து இடம் போன மாணவனை எனக்குத் தெரியும். அவன் தரவரிசை எண் நல்ல அரசு பொறியியல் கல்லூரிக்குப் போதுமானதாகவே இருந்தது.

இந்த இடத்தில் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையைச் சொல்லத் தோன்றுகிறது. அங்கே கல்லூரி மாணவர் கூட்டாட்சி அரசின் நிதியுதவியைப் பெற, நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட ஒரு விண்ணப்பத்தை நிரப்ப வேண்டியிருந்தது. எரிக் பெட்டிங்கர், பிரிட்ஜெட் டெர்ரி லாங் உள்ளிட்ட ஆய்வாளர்கள், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து தரும் எச் அண்டு ஆர் பிளாக் நிறுவனத்தின் அலுவலகங்களில், 2008-இல் ஒஹையோ மாநிலத்திலும் வட கரோலினாவின் ஷார்லட் பகுதியிலும் இதைச் சோதித்தார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களில் ஒரு பிரிவினருக்கு, வரிக் கணக்கு முடிந்த கையோடு அலுவலரே அருகில் உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தை நிரப்பி, எவ்வளவு உதவி கிடைக்கும் என்பதையும் கல்லூரிக் கட்டணத்தையும் சொன்னார். மற்றொரு பிரிவினருக்கு உதவித்தொகை பற்றிய மதிப்பீடும் தகவலும் மட்டும் தரப்பட்டன, விண்ணப்பத்தை நிரப்பும் உதவி இல்லை. மூன்றாம் பிரிவினருக்குப் பொதுவான ஒரு கையேட்டைத் தவிர வேறெதுவும் இல்லை. 2012-இல் வெளியான முடிவின்படி, விண்ணப்பம் நிரப்ப உதவி பெற்ற குடும்பங்களின் பள்ளி இறுதியாண்டு மாணவர்களில் அடுத்த மூன்றாண்டுகளுக்குள் கல்லூரியில் இரண்டு ஆண்டுகளை முடித்தோர் 36 விழுக்காடு. உதவி பெறாதோரில் 28 விழுக்காடு. தகவல் மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவுமில்லை.

தகவல் போதவில்லை என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. நம் முகாம்களில் பெரும்பகுதி இன்னும் தகவல் தருவதாகவே நடக்கிறது. மாவட்டத் தலைநகரில் ஒரு மண்டபம், ஆயிரம் நாற்காலி, வரவேற்புரை, துறைத் தலைவர்கள் ஆளுக்குப் பதினைந்து நிமிடம், கையில் ஒரு வண்ணக் கையேடு, மதிய உணவு, பேருந்து. 2022 மார்ச் 1 அன்று நான் முதல்வன் திட்டம் தொடங்கியபின், அதன் பகுதியாகக் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகள் அந்த ஆண்டு முதல் மாவட்டந்தோறும் நடந்துவருகின்றன. அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வேளாண்மையும் நீரியலும் புள்ளியியலும் கடல்சார் படிப்பும் பட்டப்படிப்புகளாக இருக்கின்றன என்பதைக் கேள்வியே படாத பிள்ளைகளுக்கு அங்கே கதவு திறக்கிறது. ஆனால் அன்று மாலை வீடு திரும்பும் மாணவியிடம் அடுத்த நாள் காலை செய்யவேண்டியது என்ன என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. முகாமின் வெற்றியை எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி அறிக்கை அனுப்பும் வழக்கம் இருக்கும்வரை இது மாறாது.

அதே திட்டத்தின் கீழ் நடந்த கல்லூரிக் களப்பயணம் வேறு மாதிரி. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை அருகிலுள்ள கல்லூரி ஒன்றுக்கு அழைத்துப்போய் ஆய்வகம், நூலகம், வகுப்பறை, விளையாட்டுத் திடல் ஆகியவற்றைக் காட்டும் எளிய ஏற்பாடு அது. முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கல்லூரி என்பது திரைப்படத்தில் பார்த்த ஓர் இடம். அங்கே போய் நின்றபோது அவர்கள் கேட்ட கேள்விகள் எந்தக் கையேட்டிலும் இல்லாதவை. பெண்களுக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது, கடைசி வகுப்பு எத்தனை மணிக்கு முடியும், அதன்பின் எங்கள் ஊர்ப் பக்கம் பேருந்து உண்டா, மதியம் சாப்பாட்டுப் பெட்டியை எங்கே வைத்துச் சாப்பிடுவது, சீருடை இல்லையென்றால் தினம் வேறு வேறு உடை போட வேண்டுமா. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்ட மாணவியிடம் இரண்டாமாண்டு படிக்கும் ஒரு பெண், தான் மூன்று சுடிதார்களை மாற்றி மாற்றி அணிவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எந்தப் பேராசிரியரும் அந்தப் பதிலை அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க முடியாது. கல்லூரிக்கு வரலாமா என்ற அச்சத்துக்கு ஆத்தூரையடுத்த வடசென்னிமலை அரசுக் கல்லூரியிலோ விருத்தாசலத்துக் கல்லூரியிலோ படிக்கும் பக்கத்து ஊர் அக்கா சொல்லும் பதிலுக்குத்தான் மதிப்பு அதிகம்.

கல்லூரி விருப்பப் பட்டியல் நிரப்புவது தனிக் கலை. நான் அதிக நேரம் செலவிடுவதும் அதில்தான். பொறியியலுக்குக் கணிதத்தில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். 135 வைத்திருக்கும் மாணவர், கேள்விப்பட்ட பெரிய கல்லூரிகள் ஐந்தை மட்டும் எழுதிவிட்டுக் காத்திருப்பார். அவற்றில் எதுவும் கிடைக்காது. 175 வைத்திருப்பவரோ, வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகவே மிகச் சாதாரணமான ஒரு கல்லூரியை முதலில் எழுதிவிடுவார், அதுவே கிடைத்துவிடும். கணினி மாணவரின் வரிசையை மதிக்கும், அவர் மனத்தை அறியாது. ஆகவே முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு எந்த இனச்சுழற்சிப் பிரிவுக்கு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்ற பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, எட்டாக்கனி போலத் தோன்றுவதை மேலேயும், கிடைக்க வாய்ப்புள்ளதை நடுவிலும், நிச்சயம் கிடைக்கக்கூடியதைக் கீழேயும் அடுக்கி, தயங்காமல் நீளமாக எழுதச் சொல்வேன். ஒவ்வொரு கல்லூரியின் தேர்ச்சி விழுக்காட்டையும் பார்க்கச் சொல்வேன். 7.5 ஒதுக்கீடு உள்ளவர் பொதுப்பிரிவிலும் கலந்துகொள்ளலாம் என்பதை மறக்காமல் சொல்வேன். ஒதுக்கீடு வந்தபின் அதை ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேல்விருப்பத்துக்குக் காத்திருப்பதா என்பதை அவர் முடிவுசெய்ய வேண்டும். என் விருப்பத்தை அதில் ஏற்றக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் மிகக் கடினமான பகுதி.

இந்த உதவி கிடைக்காத இடத்தில் தரகர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். மதிப்பெண் வந்த மறுநாளே வீடு தேடி வந்து, கலந்தாய்வெல்லாம் இழுபறி, எங்கள் கல்லூரியில் நேரே சேர்ந்தால் விடுதி இலவசம், மடிக்கணினி தருகிறோம் என்று சொல்லி, மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் சான்றிதழையும் அசலாக வாங்கிப் போய்விடுவார். அப்படி நேரடியாக நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் 7.5 ஒதுக்கீட்டின் பயனும் கிடையாது, கலந்தாய்வு வழியிலான முதல் பட்டதாரிச் சலுகையும் கிடையாது என்பது முதல் பருவக் கட்டணம் கேட்கும்போதுதான் குடும்பத்துக்குத் தெரிகிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. இதை எடுத்துச் சொல்லிச் சான்றிதழ்களைத் திரும்பப் பெற ஒருமுறை ஒரு தாயாருடன் போனேன். “சார், அவங்க நாற்காலி போட்டு உட்கார வெச்சு, தண்ணி குடுத்துப் பேசுனாங்க. அரசாங்க ஆபீசுல யாரும் அப்படிப் பேசல” என்றார் வழியில். அந்தத் தாயார் ஏமாந்தது மரியாதையால்தான். அரசு உதவி மையங்கள் தரகரிடமிருந்து கற்றுக்கொள்ள ஏதேனும் உண்டென்றால் அது இந்த நாற்காலியும் தண்ணீரும்தான்.

தகுதி விதிகளின் நுணுக்கம் வேறு ஒரு பொறி. 7.5 ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டுப் பின் அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கும் உண்டு. ஊரில் இருந்த ஒரே நடுநிலைப் பள்ளி அரசு உதவிபெறும் பள்ளியாக இருந்த காரணத்தால் அங்கே படித்த பிள்ளைக்கு இல்லை. புதுமைப் பெண் திட்டத்தை உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்ற மாணவியருக்கும் 2024 டிசம்பரில் விரிவாக்கினார்கள். ஒதுக்கீட்டில் அந்த விரிவு நிகழவில்லை. அந்தப் பிள்ளைகளின் வீடும் வறுமையும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுடையதைப் போன்றதே என்பதால், இது சரிசெய்யப்பட வேண்டிய குறை என்பது என் கருத்து.

விண்ணப்பிக்காமலே போனவர்களைத் தேடிப் போகும் வேலைதான் எல்லாவற்றிலும் அருமையானது. பள்ளிக் கல்வித் துறையின் மின்னணு மேலாண்மைத் தளத்தில் ஒவ்வொரு மாணவரின் விவரமும் இருப்பதால், தேர்ச்சி பெற்றவர்களில் யார் எங்கும் சேரவில்லை என்ற பட்டியலை இப்போது எடுக்க முடிகிறது. தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசுகிறார்கள், தேவைப்பட்டால் நேரில் போகிறார்கள். உயர்வுக்குப் படி என்ற பெயரில் 2023 முதல் நடக்கும் முகாம்களில் வருவாய்த் துறை, வங்கி, கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், தொழிற்பயிற்சி நிலையம் ஆகியவற்றின் மேசைகள் ஒரே கூடத்தில் போடப்படுகின்றன. ஒரு சான்றிதழ் இல்லையென்றால் அடுத்த மேசையில் விண்ணப்பிக்கலாம், இடம் காலியாக இருக்கும் கல்லூரியில் அன்றே சேர்க்கைக் கடிதம் வாங்கலாம். இத்தனை அலுவலகங்களை ஒரே நாளில் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்ததுதான் இதன் சிறப்பு. பேச்சாளர் யாரும் தேவைப்படவில்லை.

அந்தத் தொலைபேசி அழைப்புகளில் கிடைக்கும் காரணங்களைக் கேட்டால், கல்வியின் அருமை தெரியாத பெற்றோர் என்ற வழக்கமான குற்றச்சாட்டு எவ்வளவு மேலோட்டமானது என்பது புரியும். ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள மின்னணுத் தொழிற்சாலைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களை விடுதி வசதியோடு வேலைக்கு எடுக்கின்றன. மாதச் சம்பளம் கையில் வரும். கடன்பட்ட குடும்பத்துக்கு அது மூன்றாண்டுப் பட்டப்படிப்பின் எதிர்கால வாக்குறுதியைவிட உறுதியான பணம். அந்தக் கணக்கு முட்டாள்தனமானதன்று. புதுமைப் பெண் தரும் 1,000 ரூபாய் தொழிற்சாலைச் சம்பளத்துக்கு ஈடாகாது. ஆனால் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு, புத்தகத்துக்கும் கைச்செலவுக்கும் பெண்ணின் கணக்கிலேயே பணம் வருகிறது என்று மூன்றையும் சேர்த்து வைத்தால், கல்லூரிக்குப் போவதால் வீட்டுக்குச் செலவு கூடாது என்ற நிலை உண்டாகிறது. அதற்குப் பிறகு வரும் தயக்கம் பெரும்பாலும் தொலைவும் பாதுகாப்பும் பற்றியது. அங்கே மீண்டும் பக்கத்து ஊர் அக்காதான் உதவுகிறாள்.

அரசுக்கு வெளியே நடக்கும் முயற்சிகளில் நடிகர் சூர்யா 2006-இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டத்தைக் குறிப்பிட வேண்டும். 2010 முதல் நடக்கும் அத்திட்டத்தில் என்னை ஈர்த்தது அவர்கள் பெற்றுத் தரும் இலவச இடங்கள் மட்டுமல்ல. விண்ணப்பித்த மாணவரின் வீட்டுக்குத் தன்னார்வலர் நேரில் போகிறார். கூரையையும் அடுப்பையும் பார்த்து, பாட்டியிடம் பேசி, மதிப்பெண் பட்டியலில் இல்லாத செய்திகளை எழுதி வருகிறார். சேர்ந்தபின் தங்கிப் பயிலும் முகாம்களும் வழிகாட்டிகளும் உண்டு; முன்னர் அதே வழியில் படித்தவர்கள் பிறகு தன்னார்வலர்களாகத் திரும்பி வருகிறார்கள்.

சேர்ந்தபின் வரும் உதவியை நான் தனியாக வலியுறுத்துவதற்குக் காரணம், முதல் பருவத்தில் விழுகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதே. தமிழ்வழியில் கணிதத்தை நன்றாகக் கற்ற மாணவருக்குப் பொறியியல் முதலாண்டில் வகையீடும் அணிகளும் புதிதில்லை. அவற்றை ஆங்கிலத்தில் கேட்கும்போது அவர் அறிந்ததே அந்நியமாகிவிடுகிறது. வேகமாகக் கரும்பலகையில் ஓடும் பேராசிரியரிடம் கேள்வி கேட்கக் கூசுகிறார். நவம்பர், டிசம்பரில் இரண்டு தாளில் அரியர் விழுகிறது. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர் திரும்பிப் போவதில்லை. இதைத் தடுக்கப் பெரிய நிதி தேவையில்லை. ஒரே கல்லூரிக்கு இரண்டு மூன்று பேராகச் சேரும்படி விருப்பப் பட்டியலைத் திட்டமிடுவது, அங்கே ஏற்கெனவே படிக்கும் நம் பள்ளி மாணவரின் எண்ணைக் கொடுப்பது, தீபாவளிக்கு முன் ஒவ்வொருவரையும் ஒருமுறை அழைத்துச் சாப்பாடு எப்படி இருக்கிறது என்று தொடங்கிப் பாடம் வரை விசாரிப்பது ஆகியவை போதும். சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் பாடத்தைப் பற்றி மட்டும் கேட்டால் “நல்லா போகுது சார்” என்ற ஒரே பதில்தான் வரும்.

மாவட்டத்துக்கு ஒன்றாக உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகள் வந்தபின், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஐஐடி, என்ஐடி, தேசிய சட்டப் பள்ளிகள், ஆடை வடிவமைப்பு நிறுவனம் என முன்பு எட்டாத இடங்களுக்குப் போகிறார்கள். அத்தகைய நிறுவனங்களில் சேர்வோரின் படிப்புச் செலவை அரசு ஏற்கிறது. பெருமைக்குரிய செய்திதான், எனக்கும் கண் கலங்கியிருக்கிறது. எனினும் அப்பள்ளிகள் மாணவர்களைத் தேர்ந்தெடுத்தே சேர்க்கின்றன. தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் இருக்கும் சாதாரண மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் பணியிடம் ஓராண்டு காலியாக இருந்தால் அதைச் சரிக்கட்ட எந்த முகாமாலும் முடியாது. ஒரு வழிகாட்டித் திட்டத்தின் தரத்தை அறிய, ஐஐடிக்குப் போன நால்வரைப் பார்ப்பதைவிட, 110-க்கும் 150-க்கும் இடையே கட்-ஆஃப் வைத்திருந்த நாற்பது பேர் எங்கே போனார்கள் என்று கேட்பேன்.

இன்னொன்று, எல்லாம் பன்னிரண்டில் தொடங்குகிறது என்ற எண்ணமே தவறு. பதினொன்றில் எந்தப் பிரிவு என்பது முடிவாகும் நாளில் பாதிக் கல்லூரிகளின் கதவு மூடிவிடுகிறது. கணிதம் இல்லாத பிரிவில் சேர்ந்த பிள்ளை பின்னர் கணினிப் பொறியியல் வேண்டும் என்று கேட்கும்போது சொல்ல ஒன்றுமில்லை. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போனால் மூன்றாண்டுப் பட்டயம் முடித்து நேரடியாகப் பொறியியல் இரண்டாமாண்டில் சேரலாம் என்பதும், பன்னிரண்டு முடித்தவர் பட்டயப் படிப்பின் இரண்டாமாண்டிலேயே சேரலாம் என்பதும் ஒன்பதாம் வகுப்பிலேயே பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பகுதியில் பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்துக்கு முன்னாள் மாணவர்கள் சிலரை அழைத்து, ஒவ்வொருவரும் தாம் வந்த வழியை ஐந்து நிமிடத்தில் சொல்லச் செய்கிறோம். தோல்வியடைந்து துணைத் தேர்வு எழுதிப் பிறகு படித்தவர் ஒருவர் அதில் இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம்.

துணைத் தேர்வு எழுதுகிறவர்கள்தான் எல்லாத் திட்டங்களின் பார்வையிலிருந்தும் முதலில் மறைகிறவர்கள். முடிவு ஜூலையில் வரும்போது மற்றவர்களின் கலந்தாய்வு சூடுபிடித்திருக்கும், ஆசிரியர்கள் புதிய வகுப்புகளில் மூழ்கியிருப்பார்கள், முகாம்கள் முடிந்திருக்கும். ஆனால் பொறியியலுக்குத் துணைக் கலந்தாய்வு உண்டு. அரசு கலைக் கல்லூரிகளில் காலியிடங்களுக்கு நேரடிச் சேர்க்கை அந்தச் சமயத்திலும் நடக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இடம் இருக்கும். அதனால் எங்கள் உதவி மேசையை ஜூன் மாதத்தோடு எடுத்துவிடுவதில்லை. ஆகஸ்ட் இறுதி வரை சனிக்கிழமைகளில் பள்ளி நூலகத்தில் அது இருக்கும், ஒரு மடிக்கணினியும் ஒரு அச்சு இயந்திரமும் இரண்டு தன்னார்வலர்களும் இருப்பார்கள். வரும்போது ஆதார் அட்டையையும், அதோடு இணைத்த எண் உள்ள கைப்பேசியையும், அந்தக் கைப்பேசி யாரிடம் இருக்கிறதோ அவரையும் அழைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.